புது விளையில் பெயர் தெரியாத கொடி: அடியிலிருந்து அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய விளையொன்றை (மரங்கள் நிற்கும் தோட்டத்தை) வாங்குகிறவருக்குத் தென்னை எத்தனை, பலா எத்தனை, அயனி எத்தனை என்பது பத்திரம் பதியும் முன்னரே தெரிந்துவிடும். கொடிகளை மட்டும் யாரும் எண்ணித் தருவதில்லை. எல்லைச் சுவரான கையாலையின்மேல் படர்ந்திருப்பது எது, கிணற்றடி மாமரத்தின் உச்சியை மூடிக்கொண்டிருப்பது எது என்ற கேள்விகள் விளை கைக்கு வந்த பிறகே எழுகின்றன. புதியவர்கள் உடனே ஓர் இலையைப் பறித்துக் கைபேசியில் படமெடுத்துப் பெயர் தேடுகிறார்கள். பிழை பெரும்பாலும் அந்த இலையில்தான் தொடங்குகிறது. கொடிகளின் இலை வயதுக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறுகிறது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத கொடிகள் ஒரே வடிவ இலையைக் கொண்டிருக்கின்றன. ஆகவே இங்கே சொல்லப்படும் வரிசை அடித்தண்டில் தொடங்கி, கொடி ஏறும் முறையைப் பார்த்து, அதன் பிறகே இலைக்கும் பாலுக்கும் பூவுக்கும், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயருக்கும் வருகிறது.

1. ஒரு மழைக்காலம் முடியும்வரை அடியை வெட்டாதீர்கள்

இம்மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. கிழங்குள்ள கொடிகள் பல கோடையில் மேலே காய்ந்து மண்ணுக்குள் உறங்கும். மாசியில் விளையை வாங்கிப் பங்குனியில் சுத்தம் செய்கிறவர், காய்ந்த நார் என்று நினைத்து இழுத்து எறிவது காய்ச்சில் என்ற வள்ளிக்கிழங்குக் கொடியாக இருக்கலாம், செங்காந்தளாகவும் இருக்கலாம். ஒன்று உணவு, மற்றொன்று நஞ்சு. இரண்டும் மழை பெய்து முளை வந்த பின்னரே தம்மைக் காட்டும்.

என் விளையில் முதல் ஆண்டு நானே இந்தத் தவற்றைச் செய்தேன். அயனி மரத்தில் ஏறியிருந்த தடித்த கொடியொன்றைக் காட்டுக்கொடி என்று நினைத்து வெட்டுக்கத்தியால் அடியில் துண்டித்தேன். மேலே இலை வாடிக் கொட்டத் தொடங்கிய பிறகே, கிளைகளுக்கு நடுவில் நல்லமிளகுச் சரங்கள் தொங்கியது கண்ணில் பட்டது.

கொடி மின்கம்பியில் ஏறிவிட்டாலோ, இளமரத்தின் குருத்தை மூடிவிட்டாலோ பொறுத்திருக்க முடியாது. அப்போதும் மேற்பகுதியை மட்டும் குறைத்து, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தை விட்டு வையுங்கள். மின்கம்பியில் படர்ந்ததை நீங்களே இழுக்காமல் மின்வாரியத்திடம் சொல்லுங்கள்.

2. கை வைக்கும் முன் தள்ளி நின்று பாருங்கள்

தொட்டாலே துன்பம் தருபவை இரண்டு. செந்தட்டி மெல்லிய சுற்றுக்கொடி. பல்விளிம்புள்ள இலையிலும் தண்டிலும் காயிலும் கொட்டும் சுணை இருக்கும். சொறியணம் என்ற பெயரும் அதற்கு உண்டு. பூனைக்காலி மும்மூன்று சிற்றிலைகள் உடைய பெருங்கொடி. அதன் வளைந்த காய்களைப் பொன்பழுப்புச் சுணை வெல்வெட்டுப்போல் மூடியிருக்கும். காய்ந்த காய் குலுங்கினாலே சுணை காற்றில் பறக்கும் என்பதால், அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொடியை இழுப்பது கண்ணுக்கு ஆபத்து. சுணை பட்ட இடத்தைத் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை ஒட்டி உரித்து எடுத்துவிட்டு, பிறகு சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள்.

தின்றால் உயிருக்கே ஆபத்தானவை குன்றியும் செங்காந்தளும். குன்றிமணியின் ஓடு உடைந்து உள்ளே இருப்பது வயிற்றில் சேர்ந்தால் கொடிய நஞ்சு. செங்காந்தளின் எல்லா உறுப்புகளிலும் கோல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கில் அது மிகுதி. அக்கிழங்கு இரண்டு கிளையாகப் பிரிந்து கலப்பையை ஒத்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் பெற்றது. மண்ணைக் கிளறும்போது அந்த வடிவம் தெரிந்தால் அதை வள்ளிக்கிழங்கு என்று கருதி எடுத்துவிடக் கூடாது.

இதனால், தாவரம் தெரிந்தவர்கள் சிலர் செய்கிற ஒரு சோதனையை நான் எந்த நிலையிலும் பரிந்துரைப்பதில்லை: இலையை வாயிலிட்டுச் சுவைப்பது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரை இனிக்காது என்பது உண்மைதான். ஆனால் எதிரிலையும் சுற்றுத்தண்டும் உடைய அதன் உறவுக்கொடிகளில் வாந்தியெடுக்க வைக்கும் நஞ்சறுப்பானும், இதயத்தைத் தாக்கும் நச்சுப்பாலுடைய ரப்பர்க்கொடியும் இருக்கின்றன. பெயரைத் தெரிந்துகொள்வதற்கு நாக்கு தேவையில்லை. யாராவது தின்றுவிட்டால் வீட்டில் மருந்து தேடாமல், 108ஐ அழைத்து, தின்ற கொடியின் துண்டையும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

முழுக்கைச் சட்டை, கையுறை, பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ், அளவுகோல், கத்தரி, பென்சில், ஒரு நோட்டு, பழைய நாளிதழ்கள், வண்ணத்துணிக் கீற்றுகள் ஆகியவை போதும். பேனாவைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் சாரல்; நனைந்த நோட்டிலும் பென்சில் எழுத்து நிற்கும். துணிக்கீற்று எதற்கு என்பது அடுத்த படியில் விளங்கும்.

விளை எங்கே இருக்கிறது என்பதையும் நோட்டின் முதல் வரியாக எழுதிவிடுங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துக் காற்றடிக்கும் வறண்ட வேலிகளில் பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி, சூரை ஆகியவை எதிர்பார்க்கத்தக்கவை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஈரமான விளைகளில் மிளகு, ஆனைப்பருவா, மைக்கேனியா என்ற களைக்கொடி, ரப்பர்த் தோட்டங்களில் மண்ணை மூட விதைத்த பயறுக்கொடிகள் ஆகியவற்றை முதலில் நினைக்க வேண்டும். இடம் பெயரை முடிவு செய்யாது. எதை முதலில் சரிபார்ப்பது என்பதை மட்டும் சொல்லும்.

4. அடித்தண்டைக் கண்டுபிடியுங்கள்

மேலே தெரியும் இலையிலிருந்து தண்டைத் தொட்டுக்கொண்டே தரைவரை இறங்குங்கள். கையளவுக்கு ஒரு துணிக்கீற்றைக் கட்டிக்கொண்டே வாருங்கள். பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த விளையில் ஒரே மரத்தில் மூன்று நான்கு கொடிகள் பின்னிக் கிடக்கும். ஒன்றின் இலையையும் மற்றொன்றின் பூவையும் வேறொன்றின் அடியையும் சேர்த்து ஒரே செடியாக எழுதுவதுதான் நான் மிகுதியாகக் கண்ட பிழை. இப்படி எழுதிய குறிப்புக்கு எந்த நிபுணராலும் பெயர் சொல்ல முடியாது. அப்படியொரு செடி உலகில் இல்லை.

அடியை அடைந்ததும் நான்கு செய்திகளைக் குறியுங்கள். தண்டு உருண்டையா, நாற்கோணமா, சிறகுபோல் விளிம்பு உண்டா. பட்டை வழவழப்பா, பருக்களா, தக்கைபோல் வெடித்ததா. தரையில் ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடுகிறதா. அது நட்டதா, தானே முளைத்ததா. கடைசிக் கேள்விக்குப் பக்கத்து மரங்களே விடை தரும். ஒழுங்கான இடைவெளியில் நிற்கும் கல்யாண முருங்கை ஒவ்வொன்றின் அடியிலும் அதே கொடி இருந்தால், யாரோ மிளகுக்காகப் படர்மரம் நட்டிருக்கிறார்கள்.

சில வேளை எவ்வளவு தேடினாலும் அடி கிடைக்காது. மஞ்சள் நூல்போல் இலையின்றிப் பின்னிக் கிடப்பது அம்மையார் கூந்தல்; வளர்ந்தபின் அதற்கு மண்ணோடு தொடர்பே இல்லை, ஏறிய செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்கிறது. பச்சையும் பழுப்பும் கலந்த நூலாக இருந்தால் கொத்தானைச் சந்தேகியுங்கள்.

5. எதைக்கொண்டு பிடித்து ஏறுகிறது என்று பாருங்கள்

இவ்வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்கு மட்டும் நேரம் ஒதுக்க முடியுமென்றால் அதை இங்கே செலவிடுங்கள். இலையின் வடிவம் மாறும். பிடிக்கும் உறுப்பு எந்த இடத்திலிருந்து பிறக்கிறது என்பது ஒரு குடும்பத்துக்குள் எளிதில் மாறுவதில்லை. பார்ப்பதற்கு நுனியிலிருந்து நான்காவது, ஐந்தாவது கணுக்களைத் தேர்ந்தெடுங்கள். நுனிக்கணுவில் உறுப்புகள் இன்னும் விரிந்திருக்காது. முதிர்ந்த கணுவில் இலை உதிர்ந்து, சுருண்டு பிடிக்கும் பற்றுக்கம்பி எந்தப் பக்கம் நின்றது என்பதே தெரியாமல் போகும்.

பற்றுக்கம்பி இருந்தால் அது முளைக்கும் இடத்தைக் கைலென்ஸில் பாருங்கள். இலைக்காம்பின் பக்கவாட்டில் இருந்தால் கோவை, பாகல், பீர்க்கு ஆகியவற்றின் குடும்பம். இலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் பிரண்டையும் திராட்சையும் சேர்ந்த குடும்பம். இலைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள கோணத்திலேயே முளைத்தால் பேஷன் பழக்கொடியையும், வேலியில் தானே வளரும் சிறுபூனைக்காலியையும் நினையுங்கள். இலையின் நுனியே நீண்டு சுருண்டால் அது செங்காந்தள்; பூக்கும் முன்னரே அதைக் கண்டுகொள்ள இந்த ஒரு குறி உதவும். பூங்காம்பின் மேல், பூக்களுக்குக் கீழே இரண்டு சுருள்கள் இருந்தால் முடக்கற்றான்.

அடுத்துப் பற்றுக்கம்பி கிளைக்கிறதா என்று எண்ணுங்கள். கோவையின் கம்பி ஒற்றை. ஐவிரலியின் கம்பி இரண்டாகப் பிரியும். இரண்டுக்கும் பழம் சிவப்பு. ஐவிரலிப் பழத்தில் வெள்ளை வரிகள் ஓடும், அதை உண்ணக் கூடாது. பழம் இல்லாத காலத்தில் இந்த இரண்டையும் பிரித்தறிய இலையைவிடக் கம்பியே நம்பத்தக்கது.

பற்றுக்கம்பி இல்லாமல் தண்டே சுற்றி ஏறினால் சுற்றும் திசையைக் குறியுங்கள். கடிகாரத் திசை என்று எழுதினால், மேலிருந்து பார்த்தா கீழிருந்து பார்த்தா என்ற குழப்பம் பிறகு வரும். அதனால் மரத்தின் எதிரே நின்று, தண்டு உங்கள் இடப்புறத்தில் தாழ்ந்து வலப்புறமாக ஏறுகிறதா, வலப்புறத்தில் தாழ்ந்து இடப்புறமாக ஏறுகிறதா என்பதைச் சாய்கோடாக வரைந்துவிடுங்கள். இது வீண் நுணுக்கமன்று. காய்ச்சிலும், கணுக்களில் காய்போன்ற குமிழ்களை விடும் காட்டுவள்ளியும் எதிரெதிர்த் திசைகளில் சுற்றுகின்றன. காய்ச்சிலின் தண்டு நாற்கோணமாகச் சிறகுடன் இருக்கும், இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக அமையும். காட்டுவள்ளியின் தண்டு உருண்டை, இலைகள் மாறிமாறி அமையும். குமிழ் இருந்தாலே காட்டுவள்ளி என்று பலர் முடிவு செய்கிறார்கள். காய்ச்சிலும் சில வேளை குமிழ் விடும்.

கணுக்களிலிருந்து வேர் கிளம்பி மரப்பட்டையைப் பற்றியிருந்தால் மிளகு, வெற்றிலை, மணிபிளாண்ட், ஆனைப்பருவா ஆகிய சிலவற்றுக்குள் தேடல் சுருங்கிவிடும். ஆனைப்பருவாவில் இலைக்காம்பே தட்டையாகி இலைபோல் இருப்பதால், ஓர் இலையின் தலையில் இன்னோர் இலையை ஒட்டவைத்ததுபோல் தோன்றும். அதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

எதுவும் இல்லாமல் முள்ளையோ கொக்கியையோ ஊன்றிச் சாய்ந்து ஏறினால் சூரை, இண்டு, கழற்சி, மிளகரணை, காகிதப்பூ ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். முள் நேரானதா பின்னோக்கி வளைந்ததா, கணுவில் மட்டும் இருக்கிறதா தண்டெங்கும் சிதறியிருக்கிறதா என்பதைக் குறித்தால் போதும்.

6. இலையின் அமைவைப் பாருங்கள், வடிவத்தைப் பிறகு பாருங்கள்

முதல் கேள்வி, எது இலை, எது சிற்றிலை. காம்பின் அடியில் சிறு மொட்டு இருந்தால் அது இலை. மொட்டு இல்லாவிட்டால் நீங்கள் பிடித்திருப்பது கூட்டிலையின் ஒரு துண்டு. இதைப் பாராமல் குன்றியின் ஒவ்வொரு சிற்றிலையையும் தனியிலையாக எண்ணி, "எதிரிலை அமைவு" என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் குன்றியின் கூட்டிலைகள் மாறிமாறி அமைகின்றன, நுனியில் ஒற்றைச் சிற்றிலை இருப்பதில்லை. பிச்சியின் கூட்டிலைகள் எதிரெதிராக அமைந்து, நுனியில் ஒரு சிற்றிலை நீண்டு நிற்கும். தோவாளை வட்டாரத்துப் பழைய வேலியொன்றில் இரண்டும் கலந்து படர்ந்திருந்தாலும் இந்த ஒரு குறியால் பிரித்துவிடலாம்.

மூன்று சிற்றிலைக் கொடிகள் ஏராளம். நடுச்சிற்றிலையின் காம்பு மற்ற இரண்டின் காம்பைவிட நீளமாக இருந்தால் பயறுக் குடும்பம். பூனைக்காலியும் ரப்பர்த் தோட்ட மூடுபயிர்களும் இதில் அடங்கும். மூன்றும் ஒரே புள்ளியிலிருந்து காம்பின்றிப் பிறந்து, வெயிலுக்கு எதிரே பிடித்தால் இலையில் ஒளிப்புள்ளிகள் தெரிந்து, கசக்கினால் நாரத்தை மணம் வந்தால் மிளகரணை.

இலையைப் பறிப்பதாயின் ஒன்றைப் பறிக்காதீர்கள். தரையோரம், நடு, வெயில்படும் உச்சி என மூன்று இடங்களில் பறியுங்கள். சட்டியில் உள்ளங்கை அளவு இலையோடு கிடக்கும் மணிபிளாண்ட், தென்னையில் ஏறியபின் முறம்போல் அகன்று, கிழிசல் விழுந்த இலைகளை விடும். புதிதாக விளை வாங்கிய பலர் இதை அரிய காட்டுக்கொடி என்று கருதி எனக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள். பேஷன் பழக்கொடியின் இளநாற்றில் இலை பிளவுபடாமல் இருக்கும், முதிர்ந்தபின் மூன்றாகப் பிளக்கும். மிளகின் தரையோட்டத் தண்டிலுள்ள இளஇலை வெற்றிலையைப்போல் இதயவடிவம் காட்டி ஏமாற்றும்.

7. கிள்ளிப் பாருங்கள், கசக்கி முகருங்கள்

கையுறையோடு இளந்தண்டைக் கிள்ளி, வெட்டுவாயைச் சில நொடிகள் கவனியுங்கள். பால் வடிகிறதா, தெளிந்த நீரா, ஒன்றுமில்லையா என்பதை எழுதுங்கள். கோடை நடுப்பகலில் பால் வராமல் போகலாம் என்பதால் விடியற்காலையில் செய்வது நல்லது. பால்பட்ட கையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது.

பாலையும் இலை அமைவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எதிரிலையும் வெண்பாலும் சேர்ந்தால் வேலிப்பருத்தி, நன்னாரி, பால்வள்ளி ஆகியவற்றின் குடும்பம். மாற்றிலையும் (மாறிமாறி அமையும் இலையும்) பாலும் சேர்ந்தால், புனல்வடிவப் பூப்பூக்கும் தாளிக் குடும்பத்தை நோக்கிச் செல்லுங்கள்.

மணத்தை இலையில் மட்டும் தேடாதீர்கள். நன்னாரியின் மணம் வேரில் இருக்கிறது. அதன் இலை ஒரே கொடியில் ஊசிபோல் குறுகியும் நீள்வட்டமாக அகன்றும் வரும். நடுநரம்பை ஒட்டி வெள்ளைக் கீற்று ஓடுவது துணைக்குறி. வேர்நுனியில் சிறு துண்டைச் சுரண்டி முகர்ந்தால் ஐயம் தீரும், கொடிக்கும் கேடில்லை.

8. இதயவடிவ இலை: இதுவரை பார்த்ததைப் பொருத்திப் பாருங்கள்

"இலை வெற்றிலை மாதிரி இருக்கிறது" என்று சொல்லித்தான் முக்கால்வாசிப் பேர் கேட்கிறார்கள். இம்மாவட்டத்து விளையொன்றில் அந்தச் சொற்றொடர் குறைந்தது ஆறு கொடிகளுக்குப் பொருந்தும். வடிவத்தை ஒதுக்கிவிட்டு மேற்கண்ட படிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஆறும் தாமாகவே பிரிந்து நிற்பதைக் காணலாம்.

கணுவில் பற்றுவேரும் கசக்கினால் காரமணமும் இருந்தால் மிளகு அல்லது வெற்றிலை. இலைகள் எதிரெதிராக அமைந்து, விளிம்பில் பற்கள் இருந்து, பால் இல்லாமல், தொட்டதையெல்லாம் போர்வைபோல் மூடினால் மைக்கேனியா. நடு, தென் அமெரிக்காவிலிருந்து வந்த களை அது. எதிரிலையும் பாலும் மென்மயிரும் ஒருவித நாற்றமும் சேர்ந்தால் வேலிப்பருத்தி. மாற்றிலை, பால் இல்லை, இலையடியில் தொடங்கிய நரம்புகள் வளைந்து நுனியில் கூடுகின்றன, அவற்றுக்கிடையே ஏணிப்படிபோல் குறுக்கு நரம்புகள் ஓடுகின்றன என்றால் வள்ளிக்கிழங்கு இனங்களுள் ஒன்று. மாற்றிலையும் பாலும் இருந்தால் தாளி. மாற்றிலை, காம்பின் இருமுனையும் சற்றே வீங்கியிருக்கிறது, முதிர்ந்த தண்டிலிருந்து நூல்போன்ற வேர்கள் காற்றில் தொங்குகின்றன என்றால் சீந்தில்.

சீந்தில் என்று வந்துவிட்டாலும் நிறுத்திவிடாதீர்கள். அதன் நெருங்கிய உறவான டினோஸ்போரா கிறிஸ்பாவின் தண்டு முழுவதும் பருக்கள் நெருங்கியிருக்கும். பூவில் சீந்திலுக்கு ஆறு இதழ், அதற்கு மூன்று. மருந்துக்கு ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எடுக்கக் கூடாது என்று 2022இல் ஆயுஷ் அமைச்சகமே எச்சரித்தது. படித்தவர்களும் தடுமாறும் இடம் இது.

9. படம் எடுப்பதும் மாதிரி உலர்த்துவதும்

ஒரு கொடிக்குக் குறைந்தது ஒன்பது படங்கள் வேண்டும்: முழுக்கொடியும் அது ஏறிய மரமும், அடித்தண்டு, நான்காவது கணுவின் நெருக்கம், பிடிக்கும் உறுப்பு, இலையின் மேற்புறம், கீழ்ப்புறம், பூவை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று, குறுக்கே வெட்டிய காய். அளவுகோல் படத்துக்குள் தெரிய வேண்டும். உச்சி வெயிலில் பச்சை வெளுத்துவிடும். மேகம் மூடிய காலை நேரம் பொருத்தமானது. பூவும் காயும் இல்லாத காலமாயின் இருப்பதை எடுத்து வைத்துவிட்டு, இரு வாரத்துக்கு ஒருமுறை அதே கொடியைப் போய்ப் பாருங்கள்.

புழுக்களையும் படமெடுங்கள். கருஞ்சிவப்பு உடலில் சதைமுட்கள் உடைய புழுக்கள் இலையைத் தின்றுகொண்டிருந்தால் அது கருடக்கொடியாக இருக்கலாம். சில அழகிய பட்டாம்பூச்சிகள் அந்தக் குடும்பத்துக் கொடிகளில் மட்டுமே முட்டையிடும். கருடக்கொடியில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் இருப்பதால் கைமருந்தாக அதைப் பயன்படுத்தக் கூடாது.

மாதிரி உலர்த்துவதற்குப் பூவோ காயோ உள்ள கிளையை எடுத்து, நாளிதழ் மடிப்புக்குள் வளைந்து வளைந்து செல்லுமாறு கிடத்துங்கள். தாவரச் சேகரிப்புத் தாளின் அளவு ஏறத்தாழ 42க்கு 28 செ.மீ. என்பதால் அதற்குள் அடங்க வேண்டும். ஓர் இலையையாவது கீழ்ப்புறம் தெரியத் திருப்பி வையுங்கள். மேலே கனமான பலகையை ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே நாள் மாற்றாமல் விட்டாலும் பூஞ்சணம் பூத்துவிடும்.

10. இப்போதுதான் பெயர்

கைபேசிச் செயலிகளை இந்தக் கட்டத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட் போன்றவை ஓர் இலைப்படத்துக்கும் ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லிவிடும். அந்தப் பெயரை விடையாகக் கொள்ளாமல், சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகமாகக் கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் மற்றவர்கள் உங்கள் படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள் என்பதால் அது கூடுதல் பயன் தரும். வந்த பெயருக்குரிய வருணனையை எடுத்து, ஏறும் முறை, இலை அமைவும் பாலும், பூ அல்லது காய் ஆகிய மூன்றும் உங்கள் நோட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று முரண்பட்டாலும் அந்தப் பெயர் தவறு.

ஊர்ப்பெயரைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "பாட்டா, இது காய்ச்சில்தானே?" என்று கேட்டால், வருத்தப்படுத்த வேண்டாமென்று "ஆமா மக்கா" என்ற பதில் வந்துவிடும். "இது என்ன கொடி, பாட்டா? காய் எப்படி இருக்கும்? இதை எதுக்கு எடுப்பீங்க?" என்று கேளுங்கள். மூன்று பேரிடம் தனித்தனியே கேட்டு, காயின் வருணனை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் ஒத்துப்போவது இரண்டாம் பட்சம்.

ஏனெனில் தமிழ்ப் பெயரும் மலையாளப் பெயரும் இம்மாவட்டத்தில் அருகருகே வழங்குகின்றன. நன்னாரிக்கு நறுநீண்டி என்றும், முடக்கற்றானுக்கு உழிஞ்ஞை என்றும், பூனைக்காலிக்கு நாய்க்குரணை என்றும் மலையாளத்தில் பெயர். மறுபக்கம், பூனைக்காலி என்பது சுணைக்காயுள்ள பயறுக்கொடி. சிறுபூனைக்காலி என்பதோ பேஷன் பழத்தின் உறவு. பெயரைக் கேட்டு உறவு முறை சொல்லிவிட முடியாது. அதனால்தான் கடைசியில் தாவரவியல் பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

இதற்குப் பிறகும் ஐயம் இருந்தால், பயிர்க்கொடி என்று தோன்றுவதைத் திருப்பதிசாரத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுங்கள். காட்டுக்கொடி என்றால் நாகர்கோவில் கல்லூரிகளின் தாவரவியல் ஆசிரியர்களிடமும், கடைசியாகக் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திடமும் உலர் மாதிரியோடு போகலாம். வாடிய ஓர் இலையைப் பாலித்தீன் பையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது அடித்தண்டையும் பூவையும்தான்.

11. பெயர் உறுதியான பின்

மைக்கேனியா என்று தெரிந்தால் பூக்கும் முன் பிடுங்குங்கள்; விதை காற்றில் பரவும். பிடுங்கியதை ஈரமண்ணில் குவித்தால் ஒவ்வொரு கணுவும் வேர் விட்டு, ஒரு கொடி நூறாகும். பாறையிலோ சிமென்ட் தளத்திலோ முழுதும் காயும்வரை பரப்புங்கள். தோட்டி (கொக்கிக் கம்பு) கொண்டு மேலிருந்து இழுப்பதைவிட, அடிகளை முதலில் தேடிப் பறித்துவிட்டு, மேலே உள்ளதைக் காயவிட்டுப் பின்னர் இறக்குவது வேலையைக் குறைக்கும்.

செந்தட்டியையும் பூனைக்காலியையும் நடைபாதை ஓரத்தில் விட்டு வைக்கத் தேவையில்லை. பூனைக்காலியைக் காய் முற்றும் முன், ஈரமுள்ள காலையில் வெட்டுங்கள், சுணை அதிகம் பறக்காது. குழந்தைகள் ஓடியாடும் வீடாயின் குன்றியையும் செங்காந்தளையும் அகற்றுவதே என் முடிவு. அப்படியில்லாத விளையில் செங்காந்தளை வேலியின் உட்பக்கம் விட்டுவைக்கலாம், ஆனால் கிழங்குகள் வளரும் பாத்திக்கு அருகில் வேண்டாம்.

காய்ச்சில், மிளகு, நன்னாரி, பிரண்டை என்று உறுதியானவற்றின் அடியில் ஒரு தகரத் துண்டில் பெயரையும் கண்ட மாதத்தையும் ஆணியால் கீறித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். தண்டு தடிக்கும்போது இறுக்காதபடி கம்பியில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். அடுத்த கோடையில் காடு வெட்ட வருகிறவர் உங்கள் நோட்டைப் படிக்கப்போவதில்லை. அவர் கண்ணில் படுவது அந்தத் தகரம் மட்டுமே.